ஆட்சி காணாத இடதுசாரி அரசியலும் கட்சி வளர்ச்சிக் கோட்பாடுகளும்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பொதுவுடைமை ஆட்சி நீங்கிய பின் மாநில அரசியலில் கட்சிகள் எவ்வாறு உருவாகி வளர்கின்றன என்னும் வினாவிற்கு ஐரோப்பிய ஆய்வுகளும் மேற்கு வங்கம் குறித்த ஆய்வுகளும் சில விடைகளை வழங்கியுள்ளன. அவ்விடைகள் பொதுவுடைமையர் ஒருபோதும் ஆட்சி செய்யாத, ஆயினும் அவர்தம் தொழிற்சங்கங்கள் வலுவுடன் இயங்கும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதிக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மக்களின் மனக்குறை மட்டும் கட்சியை வளர்ப்பதில்லை; அக்குறையை வாக்காக மாற்றித்தரும் நிறுவனப் படிகள் தேவை. பொதுவுடைமை ஆட்சி நிலவிய மாநிலங்களில் அவ்வாட்சியே அப்படிகளை அமைத்தது; அவற்றின்மீது ஏறியே பிற கட்சிகள் அதனை வீழ்த்தின. தொழில் வழித்தடத்தில் அத்தகைய படிகள் இல்லாமையே சங்கம் கட்சியாக விரியாமைக்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: கட்சி வளர்ச்சி, இடதுசாரி அரசியல், தொழிற்சங்கம், கட்சிச் சமூகம், சங்க அங்கீகாரம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம்

1. முன்னுரை

2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரத்திலுள்ள சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள்கள் நீடித்து அக்டோபர் 15 அன்று முடிவுற்றது. ஊதிய உயர்வு, பணி நேரம் ஆகியவற்றோடு சங்கத்தை ஏற்க வேண்டும் என்பதும் கோரிக்கையாக இருந்தது. போராட்டத்தை வழிநடத்தியது சிஐடியு. அதன் அரசியல் உறவுக் கட்சியான மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி, மாநிலத்தை ஆண்ட திராவிட முன்னேற்றக் கழக அணியில் தோழமைக் கட்சியாக இருந்தது. போராட்டப் பந்தல் காவல்துறையால் அகற்றப்பட்டபோதும் தொழிலாளர்கள் கைது செய்யப்பட்டபோதும் அக்கட்சி கண்டித்தது. அணியை விட்டு விலகவில்லை. அதே ஆண்டு நடைபெற்ற மக்களவைத் தேர்தலில் ஸ்ரீபெரும்புதூர்த் தொகுதியில் திமுகவின் டி. ஆர். பாலு வென்றிருந்தார்.

இந்நிகழ்வு ஆய்வாளர் முன் ஒரு சிக்கலை வைக்கிறது. ஓர் அரசைப் பல வாரங்கள் பேச்சுவார்த்தைக்கு இழுக்கும் வலிமை கொண்ட தொழிற்சங்க இயக்கம், அதே நிலப்பரப்பில் ஒரு தேர்தல் சக்தியாக ஏன் உருவெடுக்கவில்லை? இடங்களையும் வாக்கு விழுக்காட்டையும் அளவுகோலாகக் கொள்ளும் ஆய்வுகள் தமிழ்நாட்டு இடதுசாரிகளைச் சிறு தோழமைக் கட்சிகள் எனக் குறித்துக் கடந்துவிடுகின்றன. தொழிலுறவு ஆய்வுகளோ வேலைநிறுத்தங்களை விரிவாகப் பேசினும் தேர்தல் அரசியலுக்குள் நுழைவதில்லை. இவ்விரு துறைகளுக்கும் இடையே விடுபட்டுப்போன பகுதியே இக்கட்டுரையின் களம். 2025 வரையிலான நிகழ்வுகள் கட்டுரையின் எல்லையாகும்.

2. மரபுச்சுமை என்னும் விளக்கம்

பொதுவுடைமை ஆட்சிக்குப் பிந்தைய கட்சி அமைப்பைப் பற்றிய ஆய்வுகளில் ஹெர்பர்ட் கிட்செல்ட்டும் பிறரும் 1999இல் வெளியிட்ட நூல் செல்வாக்கு மிக்கது. முந்தைய ஆட்சி எவ்வகையினது என்பதே பிந்தைய கட்சிப் போட்டியின் தன்மையைப் பெரிதும் வரையறுக்கிறது என்பது அதன் மையக்கருத்து. புரவலர் முறையில் நடந்த ஆட்சிக்குப் பின் புரவலர் அரசியலும், ஓரளவு இணக்கத்திற்கு இடமளித்த ஆட்சிக்குப் பின் கொள்கைவழிப் போட்டியும் தோன்றும் வாய்ப்பு மிகுதி என அந்நூல் வாதிடுகிறது.

இக்கருத்தை இந்திய மாநிலங்களுக்கு அப்படியே எடுத்தாள இயலாது. ஐரோப்பாவில் நீங்கியது ஒரு கட்சி ஆட்சி. இங்கு நீங்கியதோ தேர்தலில் வென்று தேர்தலில் தோற்ற ஆட்சி. மேற்கு வங்கத்தில் 1977 முதல் 2011 வரை 34 ஆண்டுகளும், திரிபுராவில் 1993 முதல் 2018 வரை 25 ஆண்டுகளும் இடது முன்னணி தொடர்ந்து ஆண்டது. அக்காலம் முழுவதும் எதிர்க்கட்சிகள் இயங்கின, தேர்தல்கள் நடந்தன. ஆகவே இந்தியச் சூழலில், ஆட்சியாளர் தம் காலத்தில் உருவாக்கிய எந்த நிறுவனங்கள் எதிர்க்கட்சிக்கும் பயன்படும் தன்மை கொண்டிருந்தன என்று வினவுவதே பொருத்தமாகும்.

மேற்கு வங்கத்தில் 1978இல் கட்சி அடிப்படையிலான ஊராட்சித் தேர்தலை இடது முன்னணி நடத்தியது. அவ்வூராட்சி அமைப்பே பின்னர் திரிணமூல் காங்கிரசிற்கு முதற்படியாயிற்று. 2008 ஊராட்சித் தேர்தலில் கிழக்கு மேதினிப்பூர், தெற்கு 24 பர்கானா மாவட்ட ஊராட்சிகளை அக்கட்சி கைப்பற்றியது. 2011 சட்டமன்றத் தேர்தலில் 184 இடங்களை வென்றது. திரிபுராவிலும் இதையொத்த போக்கைக் காணலாம். பழங்குடிப் பகுதிகளுக்கான தன்னாட்சி மாவட்ட மன்றம் அங்கு இடது முன்னணியின் முதல் ஆட்சிக்காலத்தில் உருவானது. 2021இல் அம்மன்றத் தேர்தலில் வென்றே திப்ரா மோத்தா என்னும் புதிய வட்டாரக் கட்சி தன்னை நிலைநாட்டிக்கொண்டது. 2023 சட்டமன்றத் தேர்தலில் 13 இடங்களைப் பெற்று இடதுசாரிகளை முந்தியது.

இவ்விரு சான்றுகளும் ஒன்றை உணர்த்துகின்றன. பொதுவுடைமை ஆட்சி தன் வாக்கு வங்கியை நிலையாக விட்டுச்செல்லவில்லை. மேற்கு வங்கத்தில் 2021 சட்டமன்றத் தேர்தலில் இடது முன்னணி ஓரிடமும் பெறவில்லை. அது விட்டுச்சென்றவை நிறுவனங்கள். புதிய கட்சிகள் அந்நிறுவனங்களின் வழியாகவே வளர்ந்தன.

3. கட்சிச் சமூகமும் நிலச் சிக்கலும்

மேற்கு வங்கச் சிற்றூர்களின் அரசியலை விளக்கத் துவைபாயன் பட்டாச்சாரியா முன்வைத்த கருத்தாக்கம் ‘கட்சிச் சமூகம்’. சாதி, சமயம், குலம் முதலிய இடைநிலை அமைப்புகள் பிற மாநிலங்களில் ஆற்றும் பணியை அங்குக் கட்சியே ஆற்றியது. குடும்பத் தகராறு முதல் அரசு உதவி வரை அனைத்தும் கட்சியின் வழியாகவே நடந்தேறின என்பது இதன் சாரம். கட்சியின் மீது நம்பிக்கை தளர்ந்தபோது அதற்கு மாற்றாக வரக்கூடியதும் மற்றொரு கட்சியே என்னும் முடிவுக்கு இக்கருத்தாக்கம் நம்மை இட்டுச்செல்கிறது. சிங்கூரில் டாட்டா மோட்டார்ஸ் ஆலைக்காக 997 ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டதும், 2007 மார்ச் 14 அன்று நந்திகிராமில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 14 பேர் உயிரிழந்ததும் ஆட்சிமாற்றத்திற்கு வழிகோலியமையை இதனடிப்படையில் புரிந்துகொள்ளலாம்.

ஏறத்தாழ அதே காலத்தில் தமிழ்நாட்டிலும் தொழிலுக்காகப் பெருமளவு நிலம் எடுக்கப்பட்டது. இங்கு ஏன் ஆட்சியை அசைக்கும் எதிர்ப்பு எழவில்லை? மு. விஜயபாஸ்கர் 2010இல் எழுதிய கட்டுரை இதனை ‘மௌன அரசியல்’ என்று குறித்தது. வேளாண்மை கவர்ச்சியிழந்தமை, வேளாண்சாரா வேலைவாய்ப்புகள், அரசின் நலத்திட்டங்கள் ஆகியவை எதிர்ப்பை மட்டுப்படுத்தின என்பது அவ்வாய்வு தரும் விளக்கம். வேளாண் கூலிகளின் நோக்கில் நின்று வினவியமை அதன் சிறப்பு. நிலத்தை இழப்பது உடையவர்க்கு இழப்பு. கூலியாக மட்டுமே நிலத்தோடு தொடர்புகொண்டிருந்தவர்க்கு அதே பொருளில் இழப்பாகாது என்பதை அது நினைவூட்டியது.

எனினும் அவ்விளக்கத்தோடு கட்சிப் போட்டியின் அமைப்பையும் சேர்த்தல் வேண்டும். ஹூண்டாய் நிறுவனத்தின் இந்தியப் பிரிவு 1996 மே மாதத் தொடக்கத்தில் பதிவாயிற்று. அதே மாதத்தில் அதிமுக ஆட்சி நீங்கித் திமுக ஆட்சி வந்தது. இருங்காட்டுக்கோட்டை ஆலையின் முதல் கார் 1998இல் வெளிவந்தது. நோக்கியாவுடன் 2005இல் ஒப்பந்தம் செய்தது அதிமுக அரசு. 2006 தொடக்கத்தில் உற்பத்தி தொடங்கிய சில மாதங்களில் திமுக ஆட்சிக்கு வந்தது. தொழில் நோக்கங்களுக்கான நிலம் கையகப்படுத்தும் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தைத் திமுக அரசு இயற்றியது. அது நடைமுறைக்கு வந்தது 2001இல், அதிமுக ஆட்சியில். எதிர்க்கட்சி நிலச் சிக்கலைக் கையிலெடுக்க வேண்டுமாயின் தன் ஆட்சிக்காலச் செயலையே எதிர்க்க வேண்டியிருந்தது. சிங்கூரில் மம்தா பானர்ஜிக்கு அத்தகைய தடை இருக்கவில்லை. ஆகவே மௌனம் மக்களுடையது மட்டுமன்று. இருபெரும் கட்சிகளுக்கு இடையிலான உடன்பாட்டின் மௌனமும் அதில் அடங்கும்.

அம்மௌனம் நிலையானதன்று என்பதற்குப் பரந்தூர் சான்று. காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் வட்டங்களின் சிற்றூர்களை உள்ளடக்கிய புதிய வானூர்தி நிலையத் திட்டத்தை எதிர்த்து 2022 முதல் ஏகனாபுரம் மக்கள் போராடி வருகின்றனர். 2024 மக்களவைத் தேர்தலையும் புறக்கணித்தனர். 2024 பிப்ரவரியில் தமிழக வெற்றிக் கழகத்தைத் தொடங்கிய நடிகர் விஜய், 2025 ஜனவரி 20 அன்று அம்மக்களைச் சந்தித்தார். போராடும் மக்களிடம் அவர் நேரில் சென்ற முதல் நிகழ்வு அது. புதிய கட்சி ஒன்று இவ்வட்டாரத்தில் கால்பதிக்க முற்பட்டபோது தேர்ந்தது சிற்றூரையே, ஆலை வாயிலையன்று. சிற்றூரில் போராடுவோரும் வாக்காளரும் ஒருவரே. ஆலை வாயிலில் நிலைமை வேறு.

4. வேலை ஓரிடம், வாக்கு வேறிடம்

தொழில் வழித்தடத்தின் தொழிலாளர்களை மூன்று வகையினராகப் பகுக்கலாம். நிரந்தரத் தொழிலாளர் முதல் வகையினர். பயிற்சியாளர், ஒப்பந்தத் தொழிலாளர் ஆகியோர் இரண்டாம் வகையினர். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர் மூன்றாம் வகையினர். தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலிருந்து வந்து வாடகை அறைகளிலும் விடுதிகளிலும் தங்கியிருப்போர் முதலிரு வகைகளிலும் மிகுதி. இவர்களிற் பலருக்கு வாக்குரிமை சொந்த ஊரிலேயே உள்ளது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வழக்கமாக வசிக்கும் இடத்தில் பெயர் பதிவு செய்ய வழிவகுக்கிறது. ஆயினும் பயிற்சிக்காலம் முடிந்தால் வேலை நீடிக்குமா என்று அறியாதவர் வாக்குரிமையை இடம் மாற்றிக்கொள்வதில் தயங்குவது இயல்பே.

வாழிடத்தின் தன்மையும் கருதத்தக்கது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவால் பாதிக்கப்பட்டுச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தபோது அரசியல் வெளிக்குத் தெரிய வந்தது விடுதி என்னும் வாழிடமே. வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய, 18,720 பேர் தங்கக்கூடிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. உணவும் தங்குமிடமும் மேம்படுவது வரவேற்கத்தக்கதே. ஆனால் வேலை தருபவரின் ஏற்பாட்டில் உள்ள விடுதி, தெருவைப் போலக் கட்சிப் பணிக்குத் திறந்த வெளியன்று. வேலை முடிந்தால் வாழிடமும் முடிகிறது.

தொகுதி வரையறை இப்பிளவை மேலும் ஆழமாக்குகிறது. 2008 மறுவரையறைக்குப் பின் ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதி மதுரவாயல், அம்பத்தூர், ஆலந்தூர், ஸ்ரீபெரும்புதூர், பல்லாவரம், தாம்பரம் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகளால் ஆனது. ஆறில் ஐந்து சென்னையையும் அதன் புறநகரையும் சார்ந்தவை. 2009, 2019, 2024 ஆகிய மூன்று தேர்தல்களில் திமுகவும் 2014இல் அதிமுகவும் இதில் வென்றன. தனித்தொகுதியான ஸ்ரீபெரும்புதூர் சட்டமன்றத் தொகுதியில் 2006, 2021 தேர்தல்களில் காங்கிரசும் 2011, 2016 தேர்தல்களில் அதிமுகவும் வென்றன. அதே காலத்தில் நோக்கியா, ஃபாக்ஸ்கான், ஹூண்டாய் ஆகிய ஆலைகளில் சிஐடியு சார்ந்த சங்கங்கள் உருவாகிப் போராடின. 2018இல் யமஹா, ராயல் என்ஃபீல்டு ஆலைகளில் வேலைநிறுத்தங்கள் நடந்தன. இரு வரலாறுகளும் ஒன்றையொன்று தொடாமலே சென்றன.

திருப்பூர், கோயம்புத்தூர், நாகப்பட்டினம் ஆகியவற்றோடு ஒப்பிடின் வேறுபாடு விளங்கும். 2019இல் திருப்பூரிலும் நாகப்பட்டினத்திலும் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியும், கோயம்புத்தூரில் மார்க்சிஸ்ட் கட்சியும் வென்றன. கூட்டணி வாக்குகளால் கிடைத்த வெற்றிகளே எனினும், அணித்தலைமை எந்தத் தொகுதியை எவருக்கு ஒதுக்குகிறது என்பதே ஒரு சான்று. பஞ்சாலைத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தெருக்களும், காவிரிப் படுகையின் வேளாண் கூலிகள் வாழும் குடியிருப்புகளும் வாக்குச்சாவடியாகக் கணக்கிடத்தக்கவை. ஒரகடத்தின் பணிமுறை மாற்றத்தில் பேருந்தேறிச் செல்லும் கூட்டம் அவ்வாறு கணக்கிடத்தக்கதன்று.

இவ்வட்டாரத்தில் புதிய கட்சிகள் வளரவில்லை என்பதன்று. ஆண்ட்ரூ வயாட் 2010இல் வெளியிட்ட நூல் தமிழ்நாட்டுக் கட்சி அமைப்பின் மாற்றத்தை அரசியல் முனைவோரின் செயலாக விளக்குகிறது. 1989இல் தோன்றிய பாட்டாளி மக்கள் கட்சியும், 1999இல் தேர்தல் களம் புகுந்த விடுதலைச் சிறுத்தைகளும் வட மாவட்டங்களில் வேரூன்றின. ஆலைகள் பெருகிய அதே ஆண்டுகளில் வளர்ந்தவை இவை. ஊரிலும் சேரியிலும் வாழும் சமூகத் தொகுதிகளே இவற்றின் அடித்தளம். வயாட் தலைவரின் முனைப்பிற்குத் தரும் முதன்மையை, வாழிடமும் வாக்கும் ஒன்றியிருக்கும் அடித்தளத்திற்கும் தந்திருக்க வேண்டும் என்பதே இங்கு முன்வைக்கும் திறனாய்வு.

5. தடுக்கும் ஆற்றலும் ஆக்கும் ஆற்றலும்

வாக்காக மாறாத சங்க வலிமை அரசியலில் பயனற்றுப் போயிற்றா? இரு நிகழ்வுகளை ஒப்பிடுவது தெளிவு தரும்.

2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. இடதுசாரிக் கட்சிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. மூன்றே நாளில் அத்திருத்தம் நிறுத்திவைக்கப்பட்டது. மே நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தார். அதே ஆண்டு பிப்ரவரியில் கர்நாடகத்தில் இதையொத்த திருத்தம் நிறைவேறியிருந்தது. அங்கு ஆளும் அணிக்குள் தடுப்பதற்கு இடதுசாரிகள் இல்லை. திமுகவின் சொந்தச் சங்கமான தொ.மு.ச.வும் எதிர்த்தமையால் வெற்றி முழுவதையும் இடதுசாரிகளுக்கு உரியதாக்க இயலாது. ஆயினும் அணிக்குள் இருந்துகொண்டே தடுக்கும் ஆற்றல் அவர்க்கு இருந்தது தெளிவு.

2024 சாம்சங் நிகழ்வில் கோரப்பட்டது வேறு. இருக்கும் உரிமையைக் காப்பதன்று. சங்கத்தைப் பதிந்து ஏற்கச் செய்வது. 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தின்படி பதிவு என்பது அரசு அலுவலர் செய்யும் எளிய பணி. நிறுவனத்தின் பெயரைச் சங்கம் பயன்படுத்துவதற்கு நிறுவனம் மறுப்புத் தெரிவித்தது, பதிவு தாழ்ந்தது. தோழமைக் கட்சியின் செல்வாக்கால் அது நடைபெறவில்லை. 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஆறு வாரங்களுக்குள் முடிவெடுக்குமாறு பணித்த பின்னரே, 2025 ஜனவரி இறுதியில் சங்கம் பதிவாயிற்று. தடுக்கும் ஆற்றல் இருந்தது. ஆக்கும் ஆற்றல் இருக்கவில்லை.

பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. பெரும்பான்மைச் சங்கத்தோடு நிருவாகம் பேசியே தீரவேண்டும் என்னும் மாநிலச் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. மேற்கு வங்கத்தில் 1983ஆம் ஆண்டின் திருத்தமும் கேரளத்தில் 2010ஆம் ஆண்டின் சட்டமும் சங்க அங்கீகாரத்திற்கு வழிசெய்தன. இரண்டும் இடதுசாரி ஆட்சிகளின் ஆக்கங்கள். மகாராட்டிரத்தின் 1971ஆம் ஆண்டுச் சட்டம் காங்கிரஸ் ஆட்சியில் வந்தமையால் இதனைப் பொதுவுடைமை ஆட்சிக்கு மட்டுமே உரிய விளைவு எனக் கூறுதல் பொருந்தாது. மேலும், அத்தகைய சட்டங்கள் மேற்கு வங்க ஆலைகளின் நலிவைத் தடுத்துவிடவுமில்லை. ஆயினும் ஊராட்சியும் தன்னாட்சி மன்றமும் எவ்வாறு கட்சிகளுக்குப் படிகளாயினவோ அவ்வாறே சங்க அங்கீகாரச் சட்டம் ஆலைக்குள் ஒரு படியாகும். ஆலையளவில் வாக்கெடுப்பு நடந்தால் தொழிலாளர் சொந்த ஊரில் இல்லாமலேயே வாக்காளராகும் ஓரிடம் உருவாகிறது. ஸ்ரீபெரும்புதூரில் அதுவும் இல்லை.

இதன் விளைவை நோக்கியாவின் முடிவு காட்டுகிறது. 2014 நவம்பரில் அவ்வாலை மூடப்பட்டபோது விருப்ப ஓய்வுத் தொகையோடு ஆயிரக்கணக்கானோர் கலைந்து சென்றனர். அவருட் பெண்கள் மிகுதி. அவர்தம் சங்கம் ஆலையோடு முடிந்தது. ஆலை மூடிய பின்னும் தொடர்வதே கட்சி. அத்தொடர்ச்சிக்கு இங்கு இடமில்லாமற் போயிற்று. 2016 சட்டமன்றத் தேர்தலில் மக்கள் நலக் கூட்டணியில் நின்ற இரு கம்யூனிஸ்ட் கட்சிகளும் மாநிலம் முழுவதிலும் ஓரிடமும் பெறாமையை இதனோடு இணைத்து நோக்குதல் தகும். தனித்து நின்றால் இடமில்லை. அணியில் நின்றால் ஆக்கும் ஆற்றலில்லை.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் கருத்துகள் மூன்று.

முதலாவது, பொதுவுடைமை ஆட்சிக்குப் பிந்தைய கட்சி வளர்ச்சியை ஆட்சி, தோல்வி, மாற்று என்னும் வரிசையில் மட்டும் காண்பது போதாது. அவ்வாட்சி அமைத்த நிறுவனங்களின் வழியே மாற்றுக் கட்சிகள் எழுந்தன என்பதைச் சேர்த்துக் காண வேண்டும்.

இரண்டாவது, ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் இடதுசாரிகளின் தேர்தல் வலுவின்மையைக் கொள்கையின் தோல்வியாகவோ தொழிலாளரின் அரசியலின்மையாகவோ கொள்வது பிழை. வேலை செய்யும் இடமும் வாக்களிக்கும் இடமும் பிரிந்திருத்தல் அதன் முதற்காரணம்.

மூன்றாவது, தோழமைக் கட்சி என்னும் நிலை தடுக்கும் ஆற்றலைத் தரும். ஆக்கும் ஆற்றலைத் தராது. தொழிலாளர் உரிமைகள் அணித்தலைமையின் இசைவையோ நீதிமன்றத்தையோ சார்ந்தே நிற்கும் நிலை இதன் விளைவு.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம், ஆலையின் பெயர்ப்பதிவேட்டில் உள்ள தொழிலாளரில் 51 விழுக்காட்டினரைக் கொண்ட சங்கத்தைப் பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்கச் சொல்கிறது. வேலைநிறுத்தத்திற்கு அது விதிக்கும் கட்டுப்பாடுகளுக்காக இடதுசாரிச் சங்கங்கள் அதனை எதிர்க்கின்றன. அந்தப் பெயர்ப்பதிவேட்டில் பயிற்சியாளர்க்கும் ஒப்பந்தத் தொழிலாளர்க்கும் என்ன இடம் என்பதைப் பொறுத்தே இவ்வழித்தடத்தில் அதன் பயன் அமையும். வாக்காளர் பட்டியலில் விடுபட்டவர்கள் ஆலைப் பட்டியலிலும் விடுபடுவார்களாயின், சங்கம் கட்சியாக விரியாமை மட்டுமன்று, சங்கம் சங்கமாக நிலைத்தலே கேள்விக்குள்ளாகும். ஆய்வாளர்கள் இனி தேர்தல் முடிவுகளோடு அவ்விரு பட்டியல்களையும் ஒருங்கே வைத்து ஆராய்தல் வேண்டும்.